உள்ளே இருப்பவர் பெயர்

1

இதை எழுத வேண்டும் என்று நினைத்து வருஷக்கணக்காகிறது. ஒவ்வொரு வருஷமும் அந்த நாள் வரும். காலையில் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, மத்தியானம் வரைக்கும் பச்சைத் தண்ணி மட்டும் குடித்து, இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்காருவேன். இரண்டு வரி ஓடும். அப்புறம் அவர் பேர் வரவேண்டிய இடம் வந்துவிடும். பேனா நின்றுவிடும். எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவேன்.

நான் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். படிப்பு பத்தாவதோடு சரி. இப்போது நியூசிலாந்தில் ஒரு பால் பவுடர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரரும் அங்கேதான், சுத்தம் செய்யும் பிரிவில். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கம் என் வயசுப் பெண்கள் நிறையப் பேர் அப்படித்தான். ரேஷன் கடையில் கேட்டால் பின்னால் நிற்கிறவர் யாராவது சொல்லுவார். ஆஸ்பத்திரியில் கேட்டால் பிள்ளை சொல்லும். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று என் அம்மா சொன்னாள். நான் நம்பினேன். இப்போதும் நம்பவில்லை என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

அவருக்கு வைத்திருப்பது குலதெய்வத்தின் பேரை ஒட்டிய பேர். அதனால் சாமியைக்கூட நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மலைமேல இருக்கிற அப்பனே" என்றுதான் கும்பிடுவேன். சாமிக்குப் புரியும் என்று ஒரு தைரியம்.

போன வாரம் தம்பி சரவணன் போன் பண்ணினான். மொரப்பூர் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். சீசன் தொடங்குவதற்கு முன்னால் கழிவுத் தொட்டியைத் திறந்து சுத்தம் செய்வார்கள். பழத்தோல், சாறு, கழுவின தண்ணி எல்லாம் போய்ச் சேர்ந்து வருஷம் பூராவும் புளித்துக் கிடக்கிற நிலத்தடித் தொட்டி அது.

"அக்கா, இந்த வாட்டி சேஃப்டி டிரெய்னிங் போட்டே ஆகணும்னு ஆபீசர் சொல்லிட்டாருக்கா. சட்டமாம்."

"நல்லதுதானடா. யாரு நடத்துறாங்க?"

"யாரு நடத்துறது? பேனர் அடிச்சாச்சு. எல்லாத்தையும் நிக்க வெச்சு ஒரு போட்டோ, தாள்ல கையெழுத்து, டீ, போண்டா. முடிஞ்சுது."

"தொட்டிக்குள்ள எறங்கறவனுக்கு?"

"அவனுக்கு ரெண்டு போண்டா."

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மேல யாருடா நிப்பாங்க?"

"அவனவன் பொண்டாட்டிதான். ஜோடி ஜோடியாத்தான வேலைக்கு வராங்க. கயித்தப் புடிச்சிக்கிட்டு நிப்பாங்க. பொண்டாட்டிய விட யாருக்கா நல்லா பாத்துக்குவாங்க?"

"உள்ள ஒருத்தன் மயங்கிட்டான்னா?"

"நான் எதுக்கு இருக்கேன்? குதிச்சிர மாட்டேன்?"

குதிப்பான். அதுதான் என் பயம். ஒகேனக்கல்லில் பரிசல் துறையில் ஒரு ஆட்டுக்குட்டி தண்ணியில் விழுந்ததற்கே சட்டையோடு குதித்தவன் அவன். வேற யாரோ வளர்த்த ஆடு. ஆற்றில் நீச்சல் தெரிந்தவன் தப்பிக்கலாம். அந்தத் தொட்டிக்குள் நீச்சல் எதற்கு ஆகும்?

"சரவணா, நான் எழுதி அனுப்புறேன். அதை உங்க டிரெய்னிங்குல படிச்சுக் காட்டுறியா?"

"சின்னதா எழுதுக்கா. போண்டா ஆறிடும்."

அதனால்தான் இந்த வருஷம் பாத்திரம் கழுவ எழுந்திருக்காமல் எழுதுகிறேன்.

2

இங்கே எங்கள் நாள் இருட்டிலேயே தொடங்கும். விளக்கேற்றி, சோறு வடித்து டப்பாவில் போட்டு, இரண்டு பேரும் காரில் கிளம்புவோம். வழி முழுக்க மாடுகள். நம் ஊரில் ஒரு மாடு இருந்தால் அதற்கு ஒரு பேர் இருக்கும். இங்கே காதில் தொங்குகிற நம்பர்தான். முதல் வருஷம் அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. இப்போது பழகிவிட்டது. பழகிப்போவதும் ஒரு பயம்தான்.

வேலைக்குச் சேர்ந்ததும் என்னை ஒரு அறையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். எந்தக் கதவு தீ விபத்துக்கு, எந்த நிறக் குழாயில் என்ன ஓடும், யாரையும் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது, யார் மதத்தையும் நிறத்தையும் கேலி பண்ணக்கூடாது, மேலாளரே தப்புப் பண்ணினால் யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று எல்லாம். முடிந்ததும் கையெழுத்து வாங்கினார்கள். போடும்போது எனக்கு விசா ஞாபகம்தான். ஏதாவது ஒன்றில் தவறினால் குடும்பத்தோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்து, மூன்று நாள் எதையும் தொடாமலே வேலை செய்தேன். சூப்பர்வைசர் கிரெக் வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அப்புறம் என்னைத் தொட்டி வாசல் காவலுக்குப் பழக்கினார்கள். காவல் என்பது நான் வைத்துக்கொண்ட சொல். பெரிய தொட்டிக்குள் ஆள் இறங்கிச் சுத்தம் செய்யும்போது வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். உள்ளே இருக்கிறவர்களை அடிக்கடி பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வாங்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் ரேடியோவில் சொல்ல வேண்டும். என்ன ஆனாலும் வாசல் காவல் உள்ளே போகக்கூடாது, வேற யாரையும் உள்ளே விடவும் கூடாது. முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு வருகிற மீட்புக் குழு மட்டும்தான் போகலாம்.

பாடம் நடத்திய அம்மா பேர் ரேச்சல். எழுத்துத் தேர்வில் ஒரு கேள்வி: உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள்? நான் யோசிக்காமல் "சாமி கும்பிடுவேன்" என்று இங்கிலீஷில் எழுதிவிட்டேன். ரேச்சல் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கும்பிடு. நானும் கும்பிடுவேன். மனசு சாமிகிட்ட இருக்கட்டும், வாய் ரேடியோவுல இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

3

பேர் சொல்லிக் கூப்பிடுகிற பயிற்சி வந்தது. சமோவாக்காரர் சிமியைக் கூப்பிட்டேன். பஞ்சாபிப் பையன் குர்பிரீத்தைக் கூப்பிட்டேன். அடுத்து இவர். கையில் கொடுத்த அட்டையில் உள்ளே இறங்குகிறவர் பேர் எழுதியிருக்கிறது, படித்தால் போதும். வாய் வரவில்லை. "ஏங்க" என்றேன்.

"யாரது ஏங்க? அப்படி யாரும் அட்டையில இல்லையே" என்றார் கிரெக். எல்லோரும் சிரித்தார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ரேச்சல் சிரிக்கவில்லை. "ஒருத்தர் வழக்கத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூடாதுன்னு இதே அறையிலதான் பாடம் நடத்தினேன், கையெழுத்தும் வாங்கினேன்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "உன் வழக்கத்துக்கு மரியாதை உண்டு. ஆனா தொட்டிக்கு அது தெரியாது. உன் வீட்டுக்காரர் இறங்குற தொட்டிக்கு உன்னை நிறுத்த மாட்டோம்." அப்படியே முடிவானது.

வீட்டில் மகள் நித்யா விடவில்லை. நாலு வயசில் இங்கே வந்தவள். சிநேகிதியின் அப்பாவை முகத்துக்கு நேரே பேர் சொல்லிக் கூப்பிடுகிற பிள்ளை. சோற்றுக் கரண்டியை ரேடியோ மாதிரி என் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"அம்மா, சொல்லு. அப்பா பேர் என்ன?"

"போடி."

"பேர் எதுக்கு இருக்கு? கூப்பிடத்தானே இருக்கு?"

"உனக்குப் புரியாது."

"ஆமா. எனக்கு எதுவுமே புரியாதுன்னுதான் எப்பவும் சொல்ற" என்று கரண்டியை வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். அந்தக் கதவு சாத்தின சத்தம், அவள் என்னைவிட்டு ஒரு ஊர் தள்ளிப் போன சத்தம் மாதிரி இருந்தது.

இவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "எப்பவாவது ஆத்திர அவசரத்துக்கு உன்னை நிறுத்திட்டாங்கன்னா, ரெண்டு தட்டு தட்டு. நானும் உள்ள இருந்து ரெண்டு தட்டுறேன். இரும்புதான, நல்லா கேக்கும். இதுக்கு எதுக்கு இவ்ளோ பஞ்சாயத்து?"

எனக்கும் அது சரியாகப்பட்டது. நம் ஊரில் புருஷனும் பொண்டாட்டியும் அப்படித்தானே. செருமினால் தண்ணி, கதவைத் தட்டினால் சாப்பாடு. பேரே இல்லாமல் ஒரு ஆயுசு ஓடிவிடும்.

4

அன்றைக்கு இரண்டு தொட்டிகள் திறந்திருந்தன. பார்க்க ஒரே மாதிரியான இரண்டு கொட்டகைகளில் ஒவ்வொன்று; எது எது என்று தொட்டி நம்பரை வைத்துத்தான் சொல்லுவோம். இவரும் சிமியும் இறங்கிய தொட்டிக்குக் காவல் மரியா என்ற பெண். அவள் குழந்தைக்கு ஜுரம் என்று பள்ளியிலிருந்து போன் வந்துவிட்டது. கிரெக் ஓடிவந்து, "டீ நேரம் வரைக்கும் மட்டும் நில்லு, ஆள் அனுப்புறேன்" என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. பாடத்திலேயே இருக்கிறது. சொல்லத்தான் தெரியவில்லை.

தொட்டி மூன்று மாடி உயரம். பக்கவாட்டில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வட்டமான வாசல். வாசலுக்குக் கீழே தொட்டி புனல் மாதிரி குறுகி இறங்கும். சிமி மேலே பலகையில் நின்று சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இவர் ஏணி வழியாகக் கீழே புனலுக்குள் போயிருந்தார். அவரைப் பார்க்க முடியாது. உள்ளே போகிறவர்கள் நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டி மாட்டிக்கொள்ள வேண்டும். காற்று கெட்டுப்போனால் அது கத்தும். இவர் குனிந்து வேலை செய்யும்போது இடிக்கிறது என்று அதைக் கழற்றி ஏணிப்படியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அது தெரியாது.

"சிமி!" என்றேன். "யா, சிஸ்டர்!" என்றார். ஸ்பானரால் வாசல் விளிம்பில் இரண்டு தட்டு தட்டினேன். கீழேயிருந்து இரண்டு தட்டு வந்தது. மனசுக்குள் அவரோடு பேசின மாதிரி இருந்தது.

மறுபடி சிமியைக் கூப்பிட்டேன், மறுபடி தட்டினேன். தட்டு வந்தது. ஆனால் இரண்டோடு நிற்கவில்லை. மூன்று, நாலு, அப்புறம் சரக்கென்று ஒரு இழுப்பு. அது பதில் இல்லை. சிமி சுவரைச் சுரண்டுகிற சத்தம்.

"சிமி, நிறுத்து!"

சத்தம் நின்றது. நான் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. "ஏங்க!" என்று கத்தினேன். என் குரலே சுற்றிச் சுற்றி என்னிடம் திரும்பி வந்தது.

"சிமி, வெளிய வா! இப்பவே வா!"

சிமி வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். வந்த வேகத்திலேயே திரும்பி உள்ளே போகப் பார்த்தார். நான் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். வட்ட வாசலை முதுகால் அடைத்துக்கொண்டு, கால் இரண்டையும் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிட்டேன்.

"சிஸ்டர், எழுந்திரு! தூக்கிட்டு வந்துடறேன்!"

"முடியாது."

"உள்ள இருக்கிறது உன் புருஷன்!"

"தெரியும்! நீ போனா நீயும் விழுவ!"

அவர் என்னைப்போல இரண்டு ஆள் பருமன். ஒரு கையால் என்னைத் தூக்கி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். என் தோளைப் பிடித்துவிட்டார். பிடித்தவர் தூக்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் இவர் கிடக்கிறார். காப்பாற்றக் கிளம்பினவரை நான் மறித்துக்கொண்டு இருக்கிறேன். இதைவிடப் பெரிய பாவம் ஒரு பொம்பளை செய்ய முடியுமா என்று மனசு கேட்டது. மலைமேல இருக்கிற அப்பனே, அப்பனே என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. கை ரேடியோவை அழுத்தியது.

"ஆள் விழுந்துட்டார். பதில் இல்லை."

"யார்?"

"என் ஹஸ்பண்ட்."

அந்தப் பக்கம் புதுசாகச் சேர்ந்த ஒருவர். அவருக்கு என்னையும் தெரியாது, என் வீட்டுக்காரரையும் தெரியாது. "எந்தத் தொட்டி? ரெண்டு திறந்திருக்கு. நம்பர் சொல்லுங்க."

நம்பர் தொட்டியின் மறுபக்கம் எழுதியிருந்தது. நான் திடீரென்று வந்து நின்றவள், பார்க்கவில்லை. எழுந்துபோய்ப் பார்த்தால் சிமி உள்ளே போய்விடுவார். சிமியைக் கேட்டேன். அவருக்கு அழுகையில் வாய் குழறியது, என்ன சொல்கிறார் என்றே தெரியவில்லை.

"பேர் சொல்லுங்க. எங்கிட்ட இருக்கிற பலகையில பேர் இருக்கு, பேர் சொன்னா எந்தத் தொட்டின்னு தெரிஞ்சுடும். பேர் என்ன? ஹலோ? பேர்!"

சொன்னேன்.

முழுப் பேரையும், அவ்வளவு பெரிய கொட்டகையே அதிரும்படி சொன்னேன். ஒரு தடவை சொன்னதும் நிறுத்த முடியவில்லை. மீட்புக் குழு ஓடிவருகிற சத்தம் கேட்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

5

சிலிண்டர் கட்டின இரண்டு பேர் இறங்கித் தூக்கினார்கள். முகம் நீலம் பாரித்திருந்தது. வாயில் காற்றுக் குழாயை வைத்தார்கள். நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கினது. அதைப் பார்த்துத்தான் நான் தரையில் விழுந்தேன். பக்கத்தில் இருந்து ஏதோ ஒரு வாயு ஒழுகிப் புனலுக்குள் தங்கியிருந்ததாம். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சிமி இறங்கியிருந்தால் அவரும் அங்கேதான் கிடந்திருப்பார் என்று மீட்புக் குழுக்காரர் சிமியிடமே சொன்னார். சிமி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு தேவாலயத்தில் நிற்பது போல நின்றார்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் இவர் என்ன கேட்டார் தெரியுமா?

"ரேடியோவுல யாரோ ஒரு பொம்பளை என் பேரை ஏலம் போட்டாளாமே. யாரு அது, தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றேன்.

நித்யா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதுவிட்டாள். சின்னப் பிள்ளையில் அழுத மாதிரி, தமிழில் அழுதாள்.

அதற்கப்புறம் நான் அந்தப் பேரைச் சொல்லவில்லை. ஊருக்கு வந்தபோது மலைக்குப் போய் முடி கொடுத்தோம். சாமி முன்னால் நின்று, "நான் சொன்னதால அவர் ஆயுசுல எவ்வளவு குறைஞ்சுது?" என்று கேட்டேன். இன்றைக்கும் அவர் இரண்டு தடவை சேர்ந்தாற்போல் இருமினால் ஓடிப்போய் முகத்தைப் பார்ப்பேன். அந்தப் பயம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அன்றைக்கு நான் சொல்லாமல் இருந்திருந்தால் இருமுவதற்கு அவர் இருந்திருக்க மாட்டார். இந்த இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டுதான் சோறு வடிக்கிறேன், விளக்கேற்றுகிறேன்.

சரவணா, இனிமேல் எழுதுவது உனக்கு. உங்கள் தொட்டியும் அதே மாதிரிதான். புளித்துக் கிடக்கிற இடத்தில் காற்று செத்துக் கிடக்கும். கிணற்றில் பண்ணுகிற மாதிரி விளக்கை இறக்கிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் விடாதே. அந்தக் காற்றில் தீப் பிடித்துக்கொள்ளும். அளந்து பார்க்கிற பெட்டி இல்லாமல், காற்று சிலிண்டரோடு தூக்குகிற ஆள் இல்லாமல் மூடியைத் திறக்காதே. முதலாளி கோபப்பட்டால் படட்டும். நீ கையெழுத்து வாங்கின தாள் யாருக்கும் மூச்சுக் கொடுக்காது. அப்படியும் எவனாவது உள்ளே விழுந்தால், தம்பி, நீ குதிக்காதே. உன்னைப் பெத்தவள் மேல ஆணை, நம் மலைச்சாமி மேல ஆணை. உன் நல்ல மனசுதான் எனக்குப் பயம்.

மேலே கயிறு பிடித்து நிற்கப்போகிற பெண்களே, உங்களை நான் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் வாயை எனக்குத் தெரியும். "ஏங்க" என்றால் உள்ளே பத்துப் பேரில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். இருமல், செருமல், தட்டல் எதுவும் ஆகாது. இன்றைக்கு வூட்டுக்குப் போய் அடுப்புக்கு முன்னால் நின்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பயமாகத்தான் இருக்கும். எனக்கும் இருக்கிறது. பயத்தோடே சொல்லுங்கள்.

இதைப் படித்துக் காட்டுகிறவர்கள், கேட்டுவிட்டுப் பக்கத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். நீளமாக இருக்கிறது என்று வெட்டாதீர்கள். மரியாதைக்குறைவு என்று "அந்தம்மா வூட்டுக்காரர்" என்று மாற்றிவிடாதீர்கள். நான் எழுதினபடியே சொல்லுங்கள். தொட்டி வாசலை முதுகால் அடைத்துக்கொண்டு அன்றைக்கு நான் கூப்பிட்ட பேர் மாதையன்.

என் வீட்டுக்காரர் பேர் மாதையன்.